மூன்றாவது முடிச்சு

உ

பாகூர்
11-9-1978

செல்வமகள் கோகிலாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே சுகம், உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் உன் வயிற்றில் இருப்பவர் சுகத்துக்கும் வில்லியனூர் கோகிலாம்பாளைத் தினமும் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன். போன இரண்டு கடிதத்திலும் சுகம் என்று எழுதியிருந்தேனே, அது பொய், இப்போது எழுதுவதுதான் நிஜம். எனக்கு முழங்கால் வலி, அதனால் உன் பிரசவத்துக்குப் பிலாய் வரை வர முடியாது என்று அப்பா கைப்பட எழுதினாரே, அதுவும் பொய். என் முழங்கால் ஒரு பாவமும் அறியாதது. நடந்ததை இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் காப்பி போடச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிட்டுப் படி, ஏனென்றால் நடுவில் ஒரு இடம் அவர் படிக்கக்கூடாதது.

ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்ற, வருஷா வருஷம் கோகிலாம்பாள் காலடியில் வைத்துத்தானே கயிறு வாங்கி வருவேன், இந்த வருஷமும் இரண்டு நாள் முன்னால் வில்லியனூர் போனேன். மஞ்சள் கயிறு, ஒரு கிழங்கு மஞ்சள், காதோலை கருகமணி எல்லாம் பையில் போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினேன். கரிக்கலாம்பாக்கத்தில் கூட்டம் எல்லாம் இறங்கிவிட்டது. கண்டக்டர் இன்னாசிமுத்து முன்னால் போய் டிரைவரோடு அவர் மச்சான் வீட்டுச் சண்டையைப் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசிருக்கும், தோளில் ஈரிழைத் துண்டு. அந்தத் துண்டுக்குள்ளிருந்து ஒரு கத்தியை எடுத்து என் விலாவில் வைத்து, கம்முனு இரு ஆயா, சத்தம் போட்டா சொருவிடுவேன், செயினைக் கழட்டிக் குடு என்றான். கோகிலா, சத்தியமாகச் சொல்கிறேன், கத்தியை விட எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்த ஆயாதான். எனக்கு என்ன பாட்டி வயசா, நாற்பத்தேழுதானே. நரை என்று பார்த்தால் காதோரம் நாலு முடி. அன்றைக்குத் தலையில் கதம்பம் வேறு வைத்திருந்தேன்.

ஆனாலும் பயம்தான். அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை பார், தாலிச் செயினை என் கையால் கழற்றிவிட்டு மூளிக் கழுத்தோடு ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன், குத்துவதானால் குத்திக்கொள், இல்லையென்றால் பையில் மஞ்சள் கயிறு இருக்கிறது, அதை முதலில் கட்டிக்கொள்கிறேன், அப்புறம் செயினை எடுத்துக்கொள் என்றேன். அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே, தாலி என்றதும் திகைத்துப் போய், சரி சீக்கிரம் கட்டு ஆயா, ஸ்டாப்பு வந்துடும் என்று என் பையை அவனே பிரித்துப் பிடித்துக்கொண்டான். மஞ்சளைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டேன். கை நடுங்குகிற நடுக்கத்தில் இரண்டு முடிச்சுதான் போட முடிந்தது, மூன்றாவது நழுவுகிறது, நழுவுகிறது, நழுவிக்கொண்டே இருக்கிறது. பஸ் வேகம் குறைகிறது. அவனுக்குப் பொறுக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, திரும்பு ஆயா என்று சொல்லி, கத்தியை என் மடியில் வைத்துவிட்டு மூன்றாவது முடிச்சை அவனே போட்டுவிட்டான். அப்புறம் செயினைக் கழற்றி, தாலியோடு சேர்த்துத் துண்டில் சுற்றிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். கத்தி என் மடியில் கிடந்த நேரம் பத்து எண்ணலாம். அதை எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தலையை நன்றாகக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கத்தி மடியில் கிடந்த இந்தச் சங்கதி உனக்கும் எனக்கும் மட்டும், அப்பாவுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். நகை போனால் போகிறது உயிர் இருக்கிறதே என்று அப்பா தேற்றினார், நல்லபடியாகத்தான் தேற்றினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். மூன்றாவது முடிச்சைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மனுஷன் முகம் சுண்டிப்போய்விட்டது. மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. சாப்பாட்டுக்கு உப்பு வேண்டுமென்றால் உப்புஜாடியைப் பார்த்துப் பேசினார். நாலாம் நாள் எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஏங்க, நம்ம கல்யாணத்துல மொத ரெண்டு முடிச்சுதான நீங்க போட்டீங்க, மூணாவது போட்டது உங்க தங்கச்சி பவுனம்மா, அது நாத்தனார் முடிச்சு, அவனும் மூணாவதுதான் போட்டான், அவனை இன்னொரு தங்கச்சின்னு வச்சிக்குங்க என்றேன். இதைச் சமாதானமாகத்தான் சொன்னேன். அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக் காசம்மாளுக்கு இது எப்படித் தெரிந்ததோ, நம் கடைக்கு மிளகாய் வாங்க வந்தவர்களெல்லாம் அப்பாவிடம் உங்க புது தங்கச்சி சௌக்கியமா என்று கேட்டார்களாம். போலீஸ் ஸ்டேஷனில் சிவப்புத் தொப்பிக்காரர் திருடன் அடையாளம் கேட்டபோது நானும், முடிச்சு நல்லா போடுவான் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன், அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் நிஜமாக நான் நன்றாக இல்லையடி. பஸ் ஹாரன் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடும். முதுகுக்குப் பின்னால் யார் வந்தாலும் தூக்கிவாரிப் போடும். ஒரு நாள் அப்பா தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் சத்தமில்லாமல் வந்தார், கரண்டியால் அடித்துவிட்டேன், இன்னும் புருவத்தில் தழும்பு இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் அவர், உள்ளூர் பஸ்ஸில் ஏற முடியாதவள் இரண்டு ராத்திரி ரயிலில் எப்படிப் போவாய், போக வேண்டாம் என்று முடிவு செய்து உனக்கு முழங்கால் கதையை எழுதினார். நானும் தடுக்கவில்லை. எட்டாம் மாசம் ரயிலில் வரக்கூடாது என்று உன்னை டாக்டர் தடுத்திருக்கிறார், எனக்கோ கரிக்கலாம்பாக்கம் தாண்டத் தைரியமில்லை. நீ பதிலுக்கு வரமாட்டியாம்மா என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரியில் மை கலைந்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்கும் இறங்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலையில், கோகிலாம்பாள் கோயிலில் புதுத் தாலி கட்டிவிடலாம், அந்தப் பயல் போட்ட முடிச்சோடு என் கண் முன்னால் நடமாடாதே என்றார். நான் பஸ் என்றால் வரமாட்டேன் என்றேன். சரி என்று மாரிமுத்து வண்டியைப் பிடித்தார். விடியக்காலம் கிளம்பி மாட்டு வண்டியில் ஆடி ஆடிப் போய் எனக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. உன் அத்தை பவுனம்மாள் வில்லியனூரிலேயே இருப்பதால் முதல் ஆளாக வந்து நின்றாள், மூன்றாவது முடிச்சை இறுக்கினாள் பார், எனக்கு விழி பிதுங்கிவிட்டது. அப்பா வெட்கப்பட்டார். நிஜமாகத்தான், குருக்கள் மாலை போட்டபோது காது சிவந்துவிட்டது. போட்டோ எடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

திரும்பும்போது பார், எங்கே என்று நினைக்கிறாய், அதே கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஒரு மாடு படுத்துக்கொண்டது. மாரிமுத்து கெஞ்சினார், வாலை முறுக்கினார், அது எழுந்திருக்கவில்லை, படுத்தபடியே அப்பாவின் கல்யாண மாலையைத் தின்றது. அப்போது பஸ் வந்தது, அதே இன்னாசிமுத்து. நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா, நீ ஏறி உக்காரு, நான் உன் பின் சீட்டுல உக்காந்துக்கிறேன், என்னைத் தாண்டித்தான் எவனும் வரணும் என்றார். ஏறினேன். அத்தை கொடுத்த தாம்பூலப் பையிலிருந்து முழுத் தேங்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அப்பா சொன்னபடியே எனக்குப் பின்னால் உட்கார்ந்து, வழி முழுக்க என் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பையன் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான், தோளில் துண்டு. நான் தேங்காயை ஓங்கிவிட்டேன். அவன் பயந்துபோய், அக்கா, தேங்காயைக் கொஞ்சம் எறக்குங்க, நான் அந்தாண்ட உக்காந்துக்கிறேன் என்றான். அக்கா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும் வந்துவிட்டது, அந்தப் பிள்ளைக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தேன். தலை நிமிர்ந்து பார்த்தால் பாகூர் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அப்பா, பிலாய்க்கும் இப்படியே பின்னாடி உக்காந்து வரேன், கெளம்பு என்றார். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் அங்கே இருப்போம். கடையைப் பவுனம்மாள் பார்த்துக்கொள்கிறாளாம், அவள் உட்கார்ந்தால் கடன் கேட்க ஒருத்தனும் வரமாட்டான். ஸ்டேஷனுக்கு நீ வராதே, மாப்பிள்ளையை அனுப்பு, எங்களுக்குப் பின்னால் வந்து திடீரென்று தோளைத் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பு, தேங்காய் கையிலேயே இருக்கும். நீ குடம் தூக்காதே, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பூந்தொட்டிக்குப் போடாதே, எனக்குத் தெரியும் நீ போடுவாய்.

கோகிலாம்பாள் உன்னைத் தாயும் பிள்ளையுமாகப் பிரித்துக் கொடுப்பாள், நூறு வயசு இருங்கள். உள்ளே இருப்பவரிடம் என் பேச்சாக ஒன்று சொல்லிவை. என்னை முதல் முதலாக ஆயா என்று கூப்பிட்டவன் கத்தியோடு வந்தான், அதை என் காது இன்னும் மறக்கவில்லை. இன்னொரு குரல் கூப்பிட்டால்தான் மறக்கும். நான் வந்து சேரும் வரை அவசரப்படாமல் இருக்கச் சொல்.

இப்படிக்கு,
இரண்டு தடவை ஒரே மனுஷனுக்குக் கழுத்தை நீட்டிய உன் அம்மா,
ருக்குமணி