அம்மாவுக்கு இரண்டு வயது கூடிவிட்டது

பெரிய காஞ்சிபுரம்,
10-6-1968

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அப்பா ஆதிகேசவன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

பிலாயில் மாப்பிள்ளையும் நீயும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் வெயிலைத் திட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். கருட சேவைக்கு வந்த கூட்டம் இன்னும் ஊரை விட்டு வடியவில்லை. உனக்கு இது ஏழாவது மாதம். பளு தூக்காதே. அங்கே தண்ணீர்க் குழாய் தெருக்கோடியில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். குடம் தூக்குவதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். அவர் வெட்கப்பட்டால் நான் சொன்னதாகச் சொல்.

இந்தி பேசுகிற ஊரில் வளரும் பிள்ளை தன் முன்னோரைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவர்கள் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்க ஆசை என்று கேட்டிருந்தாய். என் பக்கம் சுலபம். முப்பத்தோரு வருஷமாக அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேருடைய கருமாதிப் பத்திரிகை என் கை வழியாகத்தான் போயிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி கம்பியில் குத்திப் பரணில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏறித் தேடி, என் அப்பா, தாத்தா, பெரியப்பா மூவருடையதையும் எடுத்துவிட்டேன். விவரம் தனித்தாளில் இருக்கிறது. பெரியப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அது நான் விட்ட பிழைதான். சண்டைக்கு வர அவர் இல்லாததால் தப்பித்தேன்.

சங்கடம் உன் அம்மா பக்கத்தில் வந்தது. பாட்டி செத்த தேதி என்ன என்று அவளைக் கேட்டேன். "எங்கம்மா செத்த தேதி எதுக்குத் தனியா? நான் பொறந்த தேதிதான். அதையே எழுதிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

மங்கை, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அம்மா தாயில்லாமல் முசரவாக்கத்தில் வளர்ந்தவள் என்பது உனக்குத் தெரியும். அங்கே அவளுக்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள். 'பொறந்ததும் தாயை முழுங்கினவ.' ஊரில் யாருக்காவது குழந்தை பிறந்தால் இவளை அந்த வீட்டு வாசலில் மிதிக்க விடமாட்டார்களாம். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு யாரும் தடுக்கவில்லை. ஆனால் இவளாகவே போவதில்லை. உன் முதல் பிரசவத்தின்போது ரசமும் சாதமும் செய்து எதிர்வீட்டு அம்சாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்ப மரத்தடியிலேயே நின்றாள். பதினோரு நாள் பேரனைத் தொடவில்லை. உனக்கு அதில் மனத்தாங்கல் என்று எனக்குத் தெரியும். இந்த முறை நீ வரச்சொல்லி இரண்டு கடிதம் எழுதியும் முழங்கால் வலி என்று பதில் எழுதச் சொன்னாளே, அந்த வலியும் இதுதான். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கிறவளாக இல்லை.

போகட்டும். நோட்டில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டாம். துந்துபி வருஷம் சித்திரை மாதம் என்பது மட்டும் முசரவாக்கத்தில் எல்லோரும் சொன்ன கணக்கு. அதாவது 1922. பாட்டி பிறந்த வீடு நம் ஊர்ப் பிள்ளையார்பாளையம் என்று மட்டும் கேள்வி, அவர்களோடு போக்குவரத்து இருந்ததில்லை. தலைப்பிரசவம் அங்கேதான் நடந்திருக்க வேண்டும். அப்படியானால் முனிசிபல் ஆபீஸ் பதிவில் இருக்கும். தேதியைக் கண்டுபிடித்து எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பதிலை அச்சாபீஸ் விலாசத்துக்குப் போடு.

இப்படிக்கு,
அப்பா ஆதிகேசவன்


பெரிய காஞ்சிபுரம்,
4-7-1968

அன்பு மங்கைக்கு அப்பா எழுதுவது.

இதை உட்கார்ந்துகொண்டு படி. பயப்படும்படி ஒன்றுமில்லை. வயிற்றுப் பிள்ளையோடு நின்றுகொண்டு சிரிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முனிசிபல் ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவைப் பார்க்கும் குமாஸ்தா திருஞானசம்பந்தம். அவர் கல்யாணப் பத்திரிகையை நான்தான் கோத்தேன். அந்த மரியாதையில் நாற்காலி போட்டு, 1922-ஆம் வருஷத்து இறப்புப் புத்தகத்தை எடுத்து வந்து வைத்தார். சித்திரை மாதத்தில் தேடினேன். கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. மே 3. செல்லியம்மாள், கணவர் அர்ஜுனன், முசரவாக்கம். வயது பத்தொன்பது. இறந்த இடம், பிள்ளையார்பாளையம், தகப்பனார் வீடு. தெரிவித்தவர், தம்பி அப்பாதுரை. காரணம் என்ற இடத்தில் 'ஜுரம்' என்று இருந்தது.

தேதியை எழுதிக்கொண்டு எழுந்துவிட்டேன். பிறகுதான் அந்த ஜுரம் உறைத்தது. மறுபடி உட்கார்ந்தேன். அதே பக்கத்தில் நாலு வரி மேலே வேறு ஒருத்திக்குப் 'பிரசவம்' என்று தெளிவாக எழுதியிருந்தது. இவளுக்கு மட்டும் ஏன் ஜுரம்? திருஞானசம்பந்தத்தைக் கேட்டேன். "அப்படின்னா அன்னிக்குப் பிறந்த குழந்தை பிறப்புப் புத்தகத்துல இருக்கணுமே, பாத்துடலாம் இருங்க" என்றார். பார்த்தோம். மே 3-இல் இல்லை. அந்த மாதத்திலேயே இல்லை. அந்த வருஷம் முழுக்க அர்ஜுனன் செல்லியம்மாளுக்குக் குழந்தையே இல்லை.

பின்னால் போனோம். 1921-இலும் இல்லை. 1920-இல் இருந்தது. பிப்ரவரி 11. தந்தை அர்ஜுனன், முசரவாக்கம். தாய் செல்லியம்மாள். பெண் குழந்தை.

இவள்தான் என்று எழுந்துவிட்டேன். ஆனால் திருஞானசம்பந்தம் கெட்டிக்காரர். "அவசரப்படாதீங்க. குழந்தைக்குப் பேர் போடலை பாருங்க. இது உங்க வீட்டம்மாதான்னு எப்படிச் சொல்றீங்க? முதல்ல ஒண்ணு பிறந்து தவறியிருக்கலாம்" என்றார். அவர் சொல்வது நியாயம். அரைகுறையாகக் கொண்டுபோய் அவளிடம் சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று ஆனால் அவள் தாங்கமாட்டாள்.

தம்பி அப்பாதுரையைத் தேடினேன். பதிவில் இருந்த வீட்டை என்றைக்கோ விற்றுவிட்டார்களாம். மறுபடி அச்சாபீஸ் பரணில் ஏறினேன். ஒரு மத்தியானம் முழுக்கத் தூசியைத் தின்று, 1938-ஆம் வருஷத்துக் கட்டில் ஒரு கருமாதிப் பத்திரிகையைப் பிடித்தேன். அப்பாதுரை தன் தகப்பனாருக்குப் போட்டது. புது வீட்டு விலாசம் அடியில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே கோத்த எழுத்து! என் பெண்டாட்டியின் தாத்தா கருமாதிக்கு ஊரை அழைத்திருக்கிறேன், அவளைக் கட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்பே.

அப்பாதுரை அதே வீட்டில் இருக்கிறார். அறுபத்து மூன்று வயது, தறியில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க அக்காவுக்கு ஒரே புள்ளதாம்பா. அந்தப் புள்ளைய இடுப்புல வச்சிக்கினு பங்குனித் திருவிழாவுக்கு வந்துது. ரெண்டு வயசுப் புள்ள. சாமி போற வழியெல்லாம் கையக் காட்டிக் கத்திக்கினே வரும். அப்புறம் அக்காவுக்கு ஜுரம் கண்டுது. பத்தே நாளு. காரியம் முடிஞ்ச மறுமாசமே மச்சான் வேற கல்யாணம் பண்ணிக்கினாரு. எங்கப்பா கோவத்துல ஏசிட்டாரு. அதோட சரி, புள்ளைய எங்க கண்ணுலயே காட்டல."

தாயை முழுங்கியவள் என்ற பேச்சைச் சொன்னேன். "தாய் வூட்டைத் தேடி வரக்கூடாதுன்னு என்னத்தையோ சொல்லி வச்சிட்டாங்கபா. தெரிஞ்ச பெரியவங்களும் வாயத் தொறக்கல. அது இவ்ளோ வருஷம் ஓடியிருக்குது" என்றார்.

மறுநாள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அம்மாவை முனிசிபல் ஆபீஸுக்கு அழைத்துப்போனேன். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தோம். மூன்றாம் வகுப்புப் படிப்பு, அவளே விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை படித்தாள். பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருஷம், ரெண்டு மாசம், இருபத்திரண்டு நாளு" என்றாள். "அவ்ளோ நாள் எங்கம்மா என்னைத் தூக்கி வச்சிருந்தாளா?"

ஆமாம் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. திருஞானசம்பந்தத்திடம் திரும்பி, "தம்பி, இது நெசமாவே புஸ்தகத்துல இருக்குதா, இல்ல எங்க வூட்டுக்காரரு அச்சுப் போட்டு ஒட்டி வச்சாரா?" என்று கேட்டாள். ஆபீஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

அங்கிருந்து நேரே பிள்ளையார்பாளையம். அப்பாதுரை மாமா வீட்டில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "உள்ள வாம்மா, அச்சு அசலா எங்க அக்கா மாதிரியே இருக்கிறியே" என்று அவர் அழுகிறார். நடுக்கூடத்தில் தூளி தொங்கியது. அவர் மருமகள் குழந்தை பெற்று இருபது நாள்தான் ஆகிறதாம். இது எனக்கே தெரியாது. தூளியைப் பார்த்ததும் அம்மாவின் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம். திரும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன், மங்கை. அவளாகவே படியைத் தாண்டினாள். தூளியை விலக்கிக் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அந்த மருமகளைப் பார்த்து, "காதை மூடிக்கோ, காத்துல உக்காந்திருக்கிறியே, யாரும் சொல்லித் தரலியா?" என்று அதட்டினாள். எனக்கு உயிர் வந்தது.

இன்னொரு விஷயம். பதிவுப்படி உன் அம்மாவுக்கு இரண்டு வயது கூடிவிட்டது. நாற்பத்தாறு என்று நினைத்திருந்தோம், நாற்பத்தெட்டு. எனக்கு நாற்பத்தேழு. ஒரு வயது மூத்தவளைக் கட்டியிருக்கிறேன். "இனிமே மரியாதையா வாங்க போங்கன்னு பேசுங்க" என்கிறாள். நானும் நேற்றிலிருந்து அப்படித்தான் பேசுகிறேன். அம்சா வீட்டில் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

முழங்கால் வலியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வருகிற 29-ஆம் தேதி சென்ட்ரலில் ஏறுகிறோம். நாக்பூரில் வண்டி மாறி துர்க் வருகிறோம். மாப்பிள்ளை மாணிக்கவாசகத்தை ஸ்டேஷனுக்கு வரச்சொல். நான் நாலு நாளில் திரும்பிவிடுவேன். அவள் நீ போதும் என்று சொல்லும் வரை இருப்பாளாம். சுக்கும் ஓமமும் மருந்துச் சாமானும் இப்போதே ஒரு மூட்டை ஆகிவிட்டது. வந்தவளிடம் பழையதை எதுவும் கேட்காதே. அவள் உன்னைப் பார்ப்பாள், நீ அவளைப் பார். அது போதும்.

கீழே மிச்சமிருக்கும் இடம் தனக்கு வேண்டும் என்று பக்கத்தில் நிற்கிறாள். பேனாவைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் நலமே வேண்டும்
அப்பா ஆதிகேசவன்

மங்கை, அம்மா எழுதறேன். எழுத்து கோணலா இருக்கும். உங்க பாட்டி பேரு செல்லியம்மாள். நோட்டுல பெரிசா எழுது. வலி எடுத்தா பல்லைக் கடிச்சிக்கினு இருக்காதே. அக்கம்பக்கம் என்ன சொல்லுவாங்கன்னு பாக்காதே. நல்லா சத்தம் போட்டுக் கத்து. நான் பக்கத்துலயே இருப்பேன்.

அம்மா லோகாம்பாள்