பொடியாக நறுக்கிய இறால்

நத்தம்
12.11.2024

பர்ஹானாவுக்கு,

ஸலாம். கோழி என்று பொய் சொல்லி நீ எனக்கு இறால் கொடுத்தாய். ஒரு நாள் அல்ல, ஐந்து மாதம். என் மகன் சதாமுக்கும் அது தெரியும். இதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

எழுபத்திரண்டு வயதுவரை நான் இறாலைத் தொட்டதில்லை. உங்கள் கீழக்கரையில், ஷாபி வழியில் இறால் தின்னக் கூடும். நாங்கள் ஹனபி. என் அத்தா கூடாது என்று விலக்கினார், நானும் விலக்கினேன். நீ உனக்கும் பிள்ளைக்கும் ஆக்கியபோது ஒரு நாளாவது முகம் சுளித்தேனா? அதற்கென்று தனி வடசட்டி வாங்கித் தந்ததே நான்தான்.

குட்டு உடைந்த அன்று எல்லாரும் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருக்கையில் பேத்தி முஹ்சினா கேட்டாள்: "எல்லாருக்கும் இறாலுதானே உம்மா, தாத்தாவுக்கு மட்டும் ஏன் பொடிசு பொடிசா வெட்டுறே?" நீ தலையைக் குனிந்துகொண்டாய். சதாம் சிரித்தான். "விடுங்கத்தா, அதான் அம்புட்டும் வயித்துக்குள்ள போயிருச்சுல்ல" என்றான். இறாலைக்கூட மறந்துவிடுவேன். அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தங்கச்சி கமர்ஜஹான் வீட்டில் இருக்கிறேன். போன் எடுக்க மாட்டேன். பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். தோல் கிடங்கில் பழைய பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவன் நான். எழுதும்போது எனக்கு இளக்கம் வராது.

முனீர்


பேகம்பூர், திண்டுக்கல்
18.11.2024

அன்புள்ள மாமாவுக்கு, மருமகள் பர்ஹானா ஸலாம் சொல்லி எழுதுவது.

மாத்திரை எல்லாம் நேரத்துக்குப் போடுகிறீர்களா? நத்தத்தில் பனி அதிகம், காதை மூடிக்கொள்ளுங்கள்.

நான் செய்தது தப்பு. ஆனால் எப்படி நடந்தது என்று கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உங்களுக்கு எதுவும் இறங்கவில்லை. ஆட்டுக்கறி கடிக்க முடியவில்லை, கோழி சக்கை என்றீர்கள். சத்து ஏறாவிட்டால் தையல் ஆறாது என்றார் டாக்டர். ஒரு நாள் வேலை முடிந்து வரவே ஏழு மணி. பிள்ளைக்குப் பசி. நூடுல்ஸை வேகவைத்துப் பச்சைத் தண்ணீர் விட்டு வடித்தேன். பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி இறாலைப் போட்டேன். அது சிவந்து சுருண்டதும் முட்டைக்கோஸ், கேரட், சோயா சாஸ், மிளகுத்தூள். பெருந்தீயில் இரண்டு புரட்டு. கால் மணி நேர வேலை, மாமா. உங்கள் பங்கிலிருந்து இறாலைப் பொறுக்கிவிட்டுத்தான் வைத்தேன். அவசரத்தில் ஒரு துண்டு நின்றுவிட்டது.

"கோழியாம்மா?" என்று கேட்டீர்கள். பயத்தில் ஆமாம் என்றேன். "இன்னொரு கரண்டி வைம்மா" என்றீர்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் கையால் இன்னொரு கரண்டி நீங்கள் கேட்டது அன்றைக்குத்தான். அதன் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; இறால் என்று தெரியாதபடி பொடியாக நறுக்கிப் போட ஆரம்பித்தேன்.

உங்கள் முன்னால் கேட்டுவிட்டாள் என்று முஹ்சினாவை அடித்துவிட்டேன். இப்போது தட்டின் முன்னால் உட்கார்ந்தால் பேசுவதே இல்லை. உங்கள் மகனுக்கோ உங்கள் முகத்தில் முழிக்க வெட்கம். நான் வந்து கூட்டிவரட்டுமா?

பர்ஹானா


நத்தம்
25.11.2024

பர்ஹானாவுக்கு,

ஸலாம். இங்கே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். தெரியாமல் தின்றது பாவமில்லை என்றார். அல்லாஹ்வுக்கும் எனக்கும் நடுவில் வழக்கு இல்லை. உனக்கும் எனக்கும்தான்.

நேற்று கமர்ஜஹான் காய் மட்டும் போட்டு நூடுல்ஸ் கிண்டினாள். நீ எழுதிய அதே பூண்டு, அதே மிளகு, அதே சாஸ். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "என்னண்ணே குறையுது?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். தெரியும். வேண்டாம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றின் ருசியை என் நாக்குக்குப் பழக்கிவிட்டாய். இனி ஒவ்வொரு வேளையும் நான் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டும். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீ நல்லதற்குத்தான் செய்தாய், ஒத்துக்கொள்கிறேன். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், தையல் ஆறாமலே போயிருக்கும். அது என் பாடு. இனி நீ வெறும் சோறு போட்டாலும் கிளறிப் பார்ப்பேன். கிளறிப் பார்த்துத் தின்ன வேண்டியிருந்தால் அது என் வீடா?

ஆக வேண்டியது இவ்வளவுதான். என் துணிப்பெட்டியையும் கண்ணாடியையும் சதாம் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். வாசலில் கொடுத்தால் போதும். ரேஷன் கார்டில் என் பெயரை எடுத்து இங்கே சேர்க்க அவனே அலைய வேண்டும். என் அறையை நீ முஹ்சினாவுக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் கஞ்சி கமர்ஜஹான் வைப்பாள். நீங்கள் இரண்டு பேரும் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் அல்ல, அவளிடம். அந்த வீட்டில் உண்மை பேசியது அவள் ஒருத்திதான்.

இந்தக் கடிதத்துக்கு நீங்கள் யாரும் பதில் எழுத வேண்டாம்.

முனீர்