அண்ணிக்கு லொறி கேட்டுவிட்டேன்

“தொரை, எங்க அண்ணிக்கு லொறி வேணும், இப்பவே!”

அம்மா, லயத்து வீடுகளெல்லாம் பேசுமென்று நீங்கள் கேட்க வேண்டாமென்ற லொறியை, தோட்டத்துத் தொரையிடம் போனில் கேட்டுவிட்டேன்.

அண்ணி போட்டது கருக்கலைக்கிற மாத்திரை; அதற்கு இரத்தம் போகும், வயிறு வலிக்கும். அது சரி. ஆனால் இரண்டு மணி நேரமாக மணிக்கு இரண்டு பேட் நனைகிறது, காய்ச்சலும் ஏறுகிறது. “போகட்டும் புள்ள, வயிறு சுத்தமாகும்” என்று கசாயம் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனீர்களே, இது சுத்தமாவது இல்லை, ஆபத்து.

பெரட்டில் ஆள் கணக்கெடுத்தபோது அண்ணிக்கு வெறும் காய்ச்சலென்று சொன்னீர்கள், இருக்கட்டும். டாக்டரிடம் மாத்திரையென்றே சொல்வேன். கருக்கலைத்தது குற்றமென்று பொலிஸுக்குப் பயந்து அண்ணியைச் சாகவிட மாட்டேன்.

காலையில் “படிச்ச திமிரு” என்றீர்கள். ஆமாம், அதேதான்.

சோறு அடுப்பில். சாவி கோழிக்கூட்டின் மேல்.

சுபாஷினி

உங்கள் கம்பளியை அண்ணிக்குச் சுற்றியிருக்கிறேன், தேடாதீர்கள். லொறி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.