பாட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கம்

யாழ்ப்பாணம்,
28.04.2025

திருமதி றெஜினா அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் தேகசுகத்துடன் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். என்னை ஞாபகம் இருக்கும். கோவிலில் ஓகன் வாசித்த திருமதி அருட்பிரகாசம். உங்களோடு படித்த ஜெசிதாவின் தாய். உபதபால் அதிபராக இருந்த என் கணவர் காலமாகிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன.

உங்கள் பாரிஸ் விலாசத்தைக் குருநகரில் இருக்கும் உங்கள் பெரியப்பாவின் மகன் கனிசியஸிடம் பெற்றேன். தொலைபேசி இலக்கம்தான் கேட்டேன். தர மறுத்துவிட்டார். "அன்ரி, உங்கடை பேரை எடுத்தாலே அக்கா கதையை மாத்திப்போடுவா. நம்பர் தந்தால் பேச்சு எனக்குத்தான் விழும். விலாசம் தாறன், எழுதிப் பாருங்கோ. கடிதமெண்டால் கிழிச்செறியிற உரிமையாவது அவவுக்கு இருக்குமெல்லே" என்றார். பெரியவர்களோடு கதைக்கும் முறை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தாலும் விலாசத்தைப் பிழையில்லாமல் எழுதித் தந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். பெப்ரவரி மூன்றாம் திகதி, இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில் தான் வேலை செய்யும் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜெசிதாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காலுக்குக் கொஞ்சம் உயிர் திரும்பிவிட்டது. பொல்லைப் பிடித்து முற்றம் வரை நடக்கிறாள். பேச்சு மட்டும் வரவில்லை. ஒரேயொரு சொல் மிஞ்சியிருக்கிறது. இல்லை. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டிக் கோப்பையை வாங்குகிறாள். நாங்கள் கதைப்பதெல்லாம் அவளுக்கு விளங்குகிறது. பதில்தான் அவளிடமிருந்து வெளியே வர மறுக்கிறது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கத் தர்சிகா என்றொரு பிள்ளை வாரம் இரண்டு தடவை வருகிறாள். சப்பாத்தோடு வீட்டுக்குள் வரும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்தினேன். மற்றப்படி கெட்டிக்காரி. "அன்ரி, கதைக்க ஏலாத ஆக்கள் சிலவேளை பாட்டெண்டால் சொல்லோடை பாடுவினம். அதிலையிருந்து பேச்சைப் பிடிச்சு இழுக்கலாம். அக்காவுக்குச் சின்ன வயசிலை பாடமான பாட்டு என்னென்ன?" என்று கேட்டாள். நான் மாதா பாடல்கள் பதினொன்றை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். முதலாவதைப் பாடத் தொடங்கியதும் ஜெசிதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தர்சிகா சிரித்துக்கொண்டு, "இது உங்களுக்குப் பாடமான பாட்டு அன்ரி. நான் கேட்டது அக்காவுக்கு" என்றாள்.

என் மகளுக்கு எந்தத் திகதியில் எந்த ஊசி போட்டது என்று இன்றும் சொல்வேன். எந்தப் பாட்டு விருப்பம் என்று எனக்குத் தெரியாது. மீனலோசனி என்ற சென்னைப் பாடகியின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தது ஞாபகம். அவவைப் போலவே பக்க வகிடு எடுத்துத் தலை இழுப்பாள். அவ சில பாட்டுகளைத் தானே எழுதிப் பாடுவாவாம் என்று சாப்பாட்டு மேசையில் ஒருநாள் சொன்னாள். மேசையில் சினிமாக் கதை வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிகுதி உங்களுக்குத்தான் தெரியும்.

ஆறு மாதத்துக்குள் வரும் பேச்சுத்தான் பெரும்பாலும் வரும் என்று டொக்டர் சொல்கிறார். ஆவணி, அதாவது ஓகஸ்ட் தொடக்கத்தோடு அது முடிகிறது. ஆகவே, நீங்கள் இருவரும் விரும்பிக் கேட்ட மீனலோசனி பாட்டுகளின் முதல் அடிகளை ஒரு தாளில் எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும். நம் இரு வீட்டாருக்கும் இடையில் ஏற்பட்ட சிறு மனஸ்தாபத்தை வயதில் மூத்தவளாகிய நான் மனதில் வைத்திருக்கவில்லை. நீங்களும் அப்படியே என நம்புகிறேன்.

உங்கள் குடும்பத்தை ஆண்டவர் காப்பாராக.

இங்ஙனம்,
திருமதி மரியநாயகி அருட்பிரகாசம்


யாழ்ப்பாணம்,
12.06.2025

திருமதி றெஜினா அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதம் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. தபால் அதிபரின் மனைவியாக நாற்பது வருடங்கள் இருந்தவள் நான். பதிவுத் தபாலோடு இணைத்து அனுப்பிய அட்டை உங்கள் கையொப்பத்துடன் திரும்பி வந்திருக்கிறது. பாரிசிலும் தமிழில் கையெழுத்து வைக்கிறீர்கள். அந்த 'றெ' இன்னும் சரிந்துதான் நிற்கிறது.

பதில் வராதபடியால் நாங்களே தேடினோம். தர்சிகா தன் கைபேசியில் மீனலோசனியின் பாட்டுகளைப் போட்டுக் காட்டினாள். இருநூறுக்கு மேல் இருக்கும். இந்த வீட்டில் சினிமாப் பாட்டு இவ்வளவு சத்தமாக ஒலித்தது இதுவே முதல் தடவை. அயல் வீட்டுச் செபநாயகத்தார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மிஸிஸ் அருட்பிரகாசம், வீட்டிலை கலியாணமோ?" என்று கேட்டார். ஜெசிதா கண்ணை மூடாமல் எல்லாவற்றையும் கேட்டாள். இரண்டொரு தடவை கண் கலங்கியது. வாய் திறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கையொப்பமிட்ட அட்டை வந்தது. மேசையில் வைத்திருந்தேன். அவள் பொல்லை விட்டுவிட்டு, விழப் பார்த்தும் அதை எட்டி எடுத்தாள். அந்த எழுத்தைப் பார்த்தபடி முனகத் தொடங்கினாள். உளறல் இல்லை, மெட்டு. எனக்குச் சுரம் பிடிக்கக் கன்னியாஸ்திரிகள் பழக்கியிருக்கிறார்கள். பென்சிலை எடுத்து உடனே எழுதினேன்:

சோ சோ லா சோ – மி ரே மி –

ஏழு சுரம். அதோடு நின்றுவிட்டாள். பிறகு இடது கையால் கட்டிலில் தட்டித் தட்டி என் முகத்தைப் பார்த்தாள். மிச்சத்தை எடுத்துத் தா என்று கேட்கிறாள். அன்று முதல் தினமும் நாலைந்து தடவை அதே ஏழு சுரம், அதே இடத்தில் நிற்பு, அதே பார்வை. அந்தப் பார்வைக்கு முன்னால் இருப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

தர்சிகா அந்த மெட்டைக் கைபேசியில் பாடித் தேடினாள். அது ஒரு பற்பசை விளம்பரத்தைக் காட்டியது. மீனலோசனியின் பாட்டெல்லாம் அறிந்த ஒருவரிடமும் கேட்டோம். அப்படியொரு பாட்டு அவ பாடவேயில்லை என்கிறார். அவருக்குத்தான் தெரியாது. நான் இந்த மெட்டைக் கேட்டிருக்கிறேன். கறண்டும் பற்றறியும் இல்லாத அந்தக் காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஜெசிதா கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாட, நீங்கள் வரிகளைக் கொப்பியில் எழுதுவீர்கள். குசினிக்குள் இருந்த எனக்கு மெட்டுக் கேட்கும். சொல் மட்டும் சக்கரத்தின் இரைச்சலில் போய்விடும்.

இது எந்தப் படத்துப் பாட்டு? அதன் வரிகள் என்ன? இவ்வளவுதான் கேட்கிறேன். இரண்டு வரி எழுதினால் போதும்.

மாதா உங்களைக் கைவிடாதிருப்பாராக.

மரியநாயகி அருட்பிரகாசம்


யாழ்ப்பாணம்,
08.07.2025

பிள்ளை றெஜினா,

முந்திய இரண்டு கடிதத்திலும் உன்னை நீங்கள் என்று எழுதினேன். அப்படி எழுதினால் பழையவற்றைச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. இதையாவது கடைசி வரை வாசி. அதற்குப் பிறகு கிழித்தாலும் கிழி.

மீனலோசனியிடமே கேட்கலாம் என்றால் அவ இறந்து ஆறு வருடங்களாம். தர்சிகா அதைச் சொன்ன அன்றுதான் என் பழைய பூசைப் புத்தகத்தைத் திறந்து, அதற்குள் இருந்த ஒரு கடிதத்தை எடுத்தேன். அதில் ஏதாவது பாட்டின் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். அது உனக்கும் ஜெசிதாவுக்கும் மீனலோசனி எழுதிய கடிதம்.

ஓம், அவ பதில் எழுதினா. நீங்கள் எழுதியதற்கு என் கணவர், உன் அங்கிள்தான் முத்திரை ஒட்டி அனுப்பினார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். பதில் 1994 பங்குனியில், கப்பலில் வந்த தபால் மூட்டையில் வந்தது. அவர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் பிரித்தேன். சினிமாப் பாடகியின் கடிதம் என்று கண்டதும் அரைவாசியில் மடித்து வைத்துவிட்டேன். "அது பிள்ளையளின்ரை கடிதம் மரியம். நீர் வைச்சிருக்க ஏலாது. நானே குடுக்க வேண்டிய சாமான்" என்று அவர் சொன்னார். மார்கழியில் சோதனை முடிந்ததும் கொடுக்கிறேன் என்றேன். நீங்கள் இரண்டு பேரும் பின்னேரங்களில் வாசலில் நின்று, அங்கிள், மெட்ராஸ் கடிதம் வந்ததோ என்று கேட்பீர்கள். தன் உத்தியோகத்தில் ஒரு பொய் சொல்லாத மனுஷன், எனக்காக, "இன்னும் வரேல்லை பிள்ளையள்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருப்பார்.

அடுப்பில் போட நினைத்ததும் உண்டு. கையெழுத்து அவ்வளவு ஒழுங்காக இருந்தது; மனம் வரவில்லை. இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போனபோது ஓகனை விட்டுவிட்டுப் போனேன், அந்தக் கடிதம் என்னோடு வந்தது. திரும்பி வந்த பிறகு எத்தனையோ நாள் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தேன் என்று என் மகளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு என் நாக்கு எழும்பவில்லை. இப்போது எழும்பாமல் கிடப்பது அவளுடைய நாக்கு.

கடிதத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இருந்தாலும் இங்கேயும் எழுதுகிறேன்:

"அன்புள்ள றெஜினா, ஜெசிதா, சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி என் பாட்டைக் கேட்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபின் அன்று என்னால் சரியாகப் பாட முடியவில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய பாட்டை நான் பாட வேண்டும் என்று கேட்கிறீர்கள். இது நான் பாட வேண்டிய பாட்டு இல்லை, கண்ணுகளா. மெட்டுக்கூட நீங்களே போட்டுவிட்டதாகச் சொல்கிறீர்களே! இரண்டு பேரும் சேர்ந்து பாடுங்கள். ஒருத்தி மறந்தால் மற்றவள் எடுத்துக் கொடுங்கள்."

இந்தக் கடைசி வரிகளை நான் போன மாதம்தான் முதன்முதலாக வாசித்தேன். இருநூறு பாட்டுக்குள் நாங்கள் தேடியது உங்களுடைய சொந்தப் பாட்டு. றேடியோ என்று நான் நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பாடினீர்கள். நானும் அப்படியே நம்பினேன். அதன் சொற்கள் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தியால் சொல்ல முடியாது.

அது எழுதியிருந்த கொப்பி என்னவானது என்று உனக்குத் தெரியும். நான் சிறு மனஸ்தாபம் என்று எழுதியதை வாசித்து நீ என்ன நினைத்திருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். அன்று நான் கோவிலால் வந்தபோது நீ விறாந்தையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாய். உன் கையிலிருந்து கொப்பியைப் பறித்து, "மீன் செதில் காயாத கையாலை என்ரை வீட்டிலை இருந்து எழுதாதை" என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே போய் அடுப்பில் போட்டேன். நீ அழவில்லை. கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு படலையைத் திறந்து போனாய். கடலுக்குப் போகவே தடை இருந்த நேரத்தில், உன் அப்பா பிடித்த விளைமீனை அன்றுதான் எங்களுக்குக் கொண்டுவந்திருந்தாய். அதை நான் இரவு சமைத்தேன். நானும் அங்கிளும் சாப்பிட்டோம். ஜெசிதா சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. கோவிலில் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று முப்பது வருடங்களாக வாயை மட்டும் அசைத்தாள். ஒரு குரல் அரைச் சுரம் பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு அது தெரியாமல் இருக்குமா? நான் கேட்கவேயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தை அவளுடைய கையில் கொடுத்தேன். இடது கையால் விரித்து வாசித்தாள். உறையைத் திருப்பித் தபால் முத்திரையில் இருந்த வருடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னாள். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது கடிதம் அவளுடைய தலையணைக்குக் கீழே இருக்கிறது. நான் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. செபநாயகத்தாரின் மனைவி வந்து ஊட்டினால் நாலு வாய் சாப்பிடுகிறாள். முனகலும் நின்றுவிட்டது. அந்த ஏழு சுரம்கூட இப்போது இந்த வீட்டில் இல்லை, என் தாளில்தான் இருக்கிறது. தர்சிகா முந்தி "பாப்பம் அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போவாள். நேற்று ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

பிள்ளை, ஆவணிக்கு நாலு கிழமைகூட இல்லை. எனக்கு எழுபத்தொன்பது வயது. நான் போன பிறகு என் பிள்ளை பசிக்கிறது என்று ஒருவரிடம் சொல்ல வேண்டும். நோகிறது என்று சொல்ல வேண்டும். என்மேல் உள்ள கோபத்தையும் அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்க நான் இருக்கும்போதே சொன்னால் இன்னும் நல்லது.

பாடி அனுப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொற்களை மட்டும் அனுப்பு. தர்சிகாவின் கைபேசி இலக்கத்தை உறையின் பின்புறத்தில் எழுதியிருக்கிறேன். தபால் வரக் காத்திருந்தால் காலம் போய்விடும், ஒரு தாளில் எழுதி அதைப் படம் எடுத்து அனுப்பு. ஒரேயொரு வேண்டுதல். அச்செழுத்தில் அனுப்பாதே. அந்த அட்டையில் உன் பெயரைக் கண்ட மாத்திரத்தில்தான் அவளுக்கு மெட்டு வந்தது. எழுத்து சரிந்திருந்தாலும் பரவாயில்லை. பிழை இருந்தாலும் பரவாயில்லை.

உன் கையால் எழுது பிள்ளை. அந்தக் கையாலேயே எழுது.

ஜெசிதாவின் அம்மா