உன் பெயரில் இருந்த தவறு

இன்று காலை ஆம்பூரில் உன் குரலைக் கேட்டேன்.

சென்னையிலிருந்து வந்த ஒரு சாப்ட்வேர் டீமை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஏழு பேர். எதையும் எழுத உட்காரும் முன் அதைப் பயன்படுத்தப் போகிறவர்களைத் தேடிப் போய்ப் பாருங்கள், அதற்குப் பிறகு எதை முதல் ரிலீசில் கொடுப்பது, எதை அடுத்த ரிலீசுக்குத் தள்ளுவது என்று திட்டம் போடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பதுதான் இப்போது என் பிழைப்பு. அவர்களுடைய வாடிக்கையாளர் ஒரு டேனரி, தோல் பதனிடும் ஆலை. எந்த டேனரி என்று நேற்றே தெரியும். எனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பச் சொல்லலாமா என்று இரண்டு முறை போனை எடுத்தேன், இரண்டு முறையும் கீழே வைத்தேன்.

கேட்டில் அந்த வருகைப்பதிவு மிஷின் வெளுத்துப்போய் அப்படியே இருந்தது. வயதான ஒருவர் விரலை வைத்தார். "விரல் பதியல. தொடச்சிட்டு மறுபடி வைங்க" என்றாய் நீ, மிஷினுக்குள்ளிருந்து. அவர் லுங்கியில் துடைத்துவிட்டு வைத்தார். நீ மறுபடியும் அதையே சொன்னாய். சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

"வாய்ஸ் நல்லாருக்கு மேடம். ஏஐயா?" என்று டீமில் ஒரு பெண் கேட்டாள். இல்லை என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கே நின்ற கால் மணி நேரத்தில் நீ பதினோரு முறை பேசினாய்.

அந்தக் குரலைப் பதிவு செய்த மத்தியானம் நினைவிருக்கிறதா? வேலூரில் மருந்துக்கடைக்கு மாடியில் நம் ஆபீஸ். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு முறையும் கீழே ஓர் ஆட்டோக்காரர் சரியாக ஹாரன் அடித்தார். நான் எழுதிக் கொடுத்த வாசகம் 'தவறான பதிவு'. நீ பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். "தவறுன்னு சொல்லக் கூடாதுப்பா. அவங்க இன்னா தப்பு பண்ணாங்க?" என்றாய். நீ டெஸ்டர். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பது உன் வேலை. ஆனால் அது யாருடைய குறை என்று உன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அந்த மிஷினை அமைக்கும் முன் டேனரியில் நாம் மூன்று நாள் 'டிஸ்கவரி', அதாவது பயன்படுத்தப் போகிறவர்களைப் போய்ப் பார்க்கிற வேலை, செய்தோம். செய்தோம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஏசி அறையில் முதலாளியின் மகனோடும் மேனேஜரோடும் பேசினோம், பிரியாணி சாப்பிட்டோம், கொட்டாவி விட்டோம். நீ மட்டும் இரண்டாம் நாள் காணாமல் போனாய். சாயங்காலம் செருப்பு ஈரமாகத் திரும்பி வந்தாய். பச்சைத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் போயிருந்தாய். "தள்ளி உக்காரு, நாறுது" என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை.

"பத்துப் பேரு கையப் பாத்தேன். ரேகையே இல்ல. சுண்ணாம்புல தேஞ்சி வழவழன்னு இருக்குது. நம்ம மிஷின் அவங்கள எடுக்கவே எடுக்காது."

ஒரு மஞ்சள் சீட்டில் 'விரல் பதியாதவர்களுக்கு வேறு வழி' என்று எழுதி, ஆபீசில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு ஒட்டியிருந்த சுவரில், முதல் ரிலீஸ் என்று கோடு போட்டிருந்த பக்கம் நீயே ஒட்டினாய்.

பக்ரீத் முடிந்தால் தோல் வந்து குவியும், புது ஆட்கள் வருவார்கள், அதற்கு முன்னால் மிஷின் ஓட வேண்டும் என்று டேனரி மேனேஜர் சொல்லிவிட்டார். திட்டம் போடுவது என் பொறுப்பு. நாட்கள் போதவில்லை. சுவருக்கு முன்னால் நின்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். உன் சீட்டை உரித்து இரண்டாம் ரிலீஸ் பக்கம் ஒட்டினேன்.

"அத தள்ள வேணாம்ப்பா" என்றாய். மூன்று முறை சொன்னாய். மூன்றாவது முறை எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று சொன்னாய். "அதுவரைக்கும் அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"ஜாஸ்தி போனா இருவது பேரு. கையால எழுதிப் பாத்துக்கலாம்."

"யாரு பாத்துப்பாங்க?"

பேனாவை மூடிக்கொண்டு உன்னைப் பார்த்தேன். அறையில் எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். "சரி, நான் பாத்துக்கறேன்" என்றாய். டீ வந்தது.

இருபது பேர் இல்லை, நாற்பதுக்கும் மேல். கண்ணெதிரே வந்து நிற்கிற ஆளை மிஷின் ஆப்சென்ட் என்றது. தினமும் விடியற்காலை நீ ஆம்பூர் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருக்கிற டேனரிக்குப் போனாய். உன் குரல் யாரையெல்லாம் திருப்பி அனுப்பியதோ அவர்கள் பெயரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினாய். பிறகு ரயிலைப் பிடித்து காட்பாடியில் இறங்கி, சிவந்த கண்ணோடு ஆபீசுக்கு வந்தாய். நான் ஒரு நாள்கூட உன்னோடு வந்து நிற்கவில்லை. அடுத்த வாரம் அந்தச் சீட்டு வேலையை முடித்துவிடுவோம் என்று மூன்று வாரம் சொன்னேன். நான்காவது வாரம், டேனரிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, பின்னால் வந்த லாரி.

நீ போன பிறகு அந்தச் சீட்டில் இருந்த வேலையைச் செய்தார்கள். விரல் பதியாவிட்டால் கார்டைக் காட்டினால் போதும் என்று மாற்றினார்கள். இரண்டே நாள் வேலை.

உன் வீட்டு வாசலில் நம் ஆபீஸ் மேனேஜர், "அவங்களாவே விருப்பப்பட்டுப் போனாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டிய தலையோடு ஆறு வருஷம் இருந்துவிட்டேன்.

இப்போது நான் எடுக்கிற வகுப்புகளில் ஒரு விதி உண்டு. ஒரு சீட்டை அடுத்த ரிலீசுக்குத் தள்ளினால், அதுவரை அந்த வேலையைக் கையால் செய்யப் போகிறவர் யார் என்று அதன் அடியில் பெயர் எழுத வேண்டும். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. நல்ல டெக்னிக் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கிருந்து கற்றீர்கள் என்று கேட்டால் அனுபவம் என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன். அவர்கள் பெயர் எழுதும்போது மட்டும் என்னால் சுவரைப் பார்க்க முடிவதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. டீமைச் சாப்பிட அனுப்பிவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவர் தொழுகை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு இன்னும் திரும்பவில்லை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தார். உன்னைப் பற்றி அவராகவே ஆரம்பித்தார்.

"தப்பு அவளுதுதானே, இன்னா பண்றது. அந்தச் சீட்ட தள்ளி வெக்கச் சொன்னதே அவதானாம். 'என்னாலதான் அவங்களுக்கு ஆப்சென்ட் விழுது, நான் போகாம யாரு போவா'ன்னா. அதுக்கு மேல நான் இன்னா பேசறது? அன்னிக்குக் காலைல கோவத்துல நான் பேசவே இல்ல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குனேன்."

எனக்கு உன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. நான் செய்தது என்று நீ சொல்லியிருந்தால், "அப்ப அவங்க வந்து நிக்கட்டும்" என்று இவர் ஒரு போன் போட்டிருப்பார். அது உனக்குத் தெரியும். அந்தப் போன் எனக்கு வரக் கூடாது என்று என் தவறை உன் பெயரில் எழுதிக்கொண்டாய். உன்னிடம் யார் கேட்டது?

"பாய், அந்தச் சீட்ட தள்ளி வெச்சது நான்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவ வேணாம்னு சொன்னாளா?"

"மூணு தடவ சொன்னா."

"நீங்க கேக்கல."

"கேக்கல."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "ஆறு வருஷமா அவகூட மனசுக்குள்ள சண்ட போட்டுக்குனு இருக்கேன்" என்றார். "அவ அம்மாவும் அப்படித்தான் நெனச்சிக்குனு இருக்காங்க. நான் சொன்னா, பொண்டாட்டிக்குப் பரிஞ்சி பேசறேன்னுவாங்க. நீங்களே சொல்லிடுங்க" என்று எழுந்து போய்த் திரையை விலக்கினார்.

உன் அம்மாவுக்குப் பார்வை கம்மியாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார்கள். நான் யார் என்று உன் கணவர் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "வாம்மா. இத்தினி வருஷம் கழிச்சும் அவள நெனச்சி வந்தியே" என்று என் தலையில் கை வைத்தார்கள். எலும்பும் தோலுமான கை. சூடாக இருந்தது. அந்தக் கையை எடுக்கும் வரை காத்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் எடுத்த பிறகு என்னால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அது தலைமேல் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவள இன்னா இன்னா சொல்லித் திட்டுனேன்" என்றார்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டு, வந்த மாதிரியே சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கை இருந்த இடம் இன்னும் என் தலையில் தெரிகிறது.