கடைசிக் கணினி வரும்வரை

சதுரங்கப்பட்டினம்,
19 ஜனவரி 1997

அன்புள்ள வைஷாலிக்கு,

உன் மதிப்பீடு கிடைத்தது. உன் ஆய்வு நிரலை நான்கு கணினிகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பதினாறில் கால்பங்கு நேரமே ஆகும், பங்குனியில் ஊருக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறாய். கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆய்வகம் காலியாக இருந்தபோது சோதித்த கணக்கு அது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாக் கணினிகளும் கடைசிக் கணினி முடித்து வரும்வரை நின்றாக வேண்டும் என்பதை நீ சேர்க்கவில்லை. வைகாசிக்கு முன் முடியாது என்பது என் கணிப்பு; வரைபடம் இணைத்துள்ளேன்.

அம்மாவிடம் உன் தேதியையே சொன்னேன். கட்டிக்கான தன் அறுவை சிகிச்சையை அதற்கே தள்ளிவைத்துவிட்டாள். மீன் கொண்டுவரும் வேண்டா, "இன்னாம்மா, டாக்டரு கத்தி ஒம் பொண்ணு கையிலயா கீது?" என்று கேட்டாள். அம்மா சிரித்தாள். தள்ளிவைத்ததைச் சொன்னபோது டாக்டர் சிரிக்கவில்லை.

அன்புடன்,
அப்பா தாமோதரன்


24 மார்ச் 1997

அன்புள்ள அப்பா,

ஓட்டம் இன்னும் முடியவில்லை. பகலில் எல்லோரும் கணினிகளில் வேலை செய்கிறார்கள். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போனில் அம்மா, "சின்னக் கட்டிதான்டி, நீ முடிச்சிட்டே வா" என்கிறாள். உண்மைதானே?

வைஷாலி


சதுரங்கப்பட்டினம்,
11 ஏப்ரல் 1997

அன்புள்ள வைஷாலிக்கு,

உன் கேள்விக்கு விடை: இல்லை, சின்னக் கட்டி இல்லை. போனில் சொல்வதில்லை என்று அம்மாவுக்கு வாக்களித்திருக்கிறேன். எழுதுவதில்லை என்று வாக்களிக்கவில்லை.

நேற்று செங்கல்பட்டில் டாக்டர் புதிய ஸ்கேன் படத்தைப் பார்த்தார். கட்டி பரவிவிட்டது, இனி கத்தி வைத்துப் பயனில்லை என்று என்னிடம் தனியே சொன்னார். வெளியே வந்ததும் அம்மா கேட்டது இதைத்தான்: "அவ வர்றவரைக்கும் தள்ளிப்போடலாம்னுட்டாரா?"

ஆமாம் என்றேன்.

உன் கணக்கில் பிழை எங்கே என்று காட்ட எனக்குத் தெரிந்தது. அவளிடம் எதைக் காட்டுவது என்று தெரியவில்லை. திருக்கழுக்குன்றம் வரும்வரை பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஓட்டத்தை நிறுத்திவிடு. புறப்பட்டு வா.

அப்பா


18 ஏப்ரல் 1997

அன்புள்ள அப்பா,

என் மார்ச் கடிதத்துக்கு உங்கள் பதில் இன்னும் வந்து சேரவில்லை; அதற்குள் நேற்று ஓட்டம் முடிந்தது! பேராசிரியர் பதினாறு கணினிகளையும் எனக்கே ஒதுக்கிவிட்டார். எதுவும் எதற்காகவும் நிற்கவில்லை. உங்கள் வைகாசி தோற்றது. வரைபடத்தைக் கிழித்துப் போடுங்கள்.

விமான டிக்கெட் வாங்கிவிட்டேன். அம்மாவை நேரில் வந்து திகைக்க வைக்க வேண்டும், ஆகவே போன் செய்யப்போவதில்லை. நீங்கள் மட்டும் டாக்டரிடம் தேதி வாங்கி வையுங்கள். வேண்டாவிடம் சொல்லுங்கள், கத்தியோட பொண்ணு வந்துகினு கீதுன்னு.

உங்கள்,
வைஷாலி