நாலாம் எண்ணுக்குப் பக்கத்துக் கறை

உன் கைமணிக்கூட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். முகர்ந்து பார்த்தேன். புது எண்ணெய் மணக்கிறது, உன் பவுடர் வாசம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த கறையையும் காணவில்லை.

பேலியகொடைக்கு மீன் வாங்கப் போய் மழையில் நனைந்த அன்று, உள்ளே தண்ணீர் இறங்கி வந்த கறை. டயலை மாற்றித் தருகிறேன் என்றேன். "விடுங்கோப்பா. கறை இருந்தாத்தான் களவு போனாலும் என்டதெண்டு காட்டலாம்" என்றாய்.

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போன காலத்தில் உன் அப்பா வாங்கியது. அதைச் செய்த கம்பெனியை நாம் பிறக்கும் முன்பே மூடிவிட்டார்கள். அதே பெயரில் வெள்ளவத்தையில் கடை திறந்தபோது, கண்ணாடியில் 'பாரம்பரியம்' என்று எழுதியிருந்ததை வாசித்துச் சிரித்தாய். "ஆள் செத்துப் போச்சு. பேர மட்டும் ஆரோ சல்லி குடுத்து வாங்கிட்டு வந்து நிக்கிறாங்கள்."

அப்படியிருந்தும் நான் அங்கேதான் கொண்டு போனேன். நீ கண் மூடிய பிறகு மணிக்கூடும் நின்றுவிட்டது. பழைய மாடல்களுக்கு இலவச சர்வீஸ் என்றார்கள். லிஃப்ட் திருத்துகிறவன் நான், இதைத் திறக்க மட்டும் கை வரவில்லை.

கறை காணாமல் போனதும் திரும்பப் போனேன். கவுண்டரில் ஒரு பெண்.

"டயல மாத்தினீங்களா தங்கச்சி?"

"இல்ல அண்ணா, க்ளீன் பண்ணினது. புதுசு மாதிரி இருக்கு, என்ன?"

"புதுசு மாதிரி இல்ல. புதுசு. பழைய சாமானத் தாங்க."

மருதானை கராஜில் நீ கேட்பதுதான். எதைத் திருத்தினாலும், கழற்றிய பழைய சாமானைப் பையில் வாங்காமல் நகர மாட்டாய். "அது ஒண்டுக்கும் உதவாது மிஸ்" என்பான் மெக்கானிக். "உதவாட்டி எனக்குத் தர ஏன் யோசிக்கிறீங்க?" என்பாய். நான் வெட்கத்தில் வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மனேஜர் வந்தார். "சேர், அத ஷோகேஸ்ல வெக்க எடுத்தம். எங்கட கம்பெனிட வரலாறு அது."

"என்ட மனிசிட மணிக்கூடு அது."

அவர் உள்ளே போனார். சின்ன உறையில் டயலைக் கொண்டுவந்தார். கறை இருந்தது. என் கண்முன்னாலேயே பூட்டச் சொன்னேன். திருத்துகிறவரின் விரல்களிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை.

மணிக்கூட்டைக் கையில் தரும்போது அந்தப் பெண் சொன்னாள்: "மனிசிட்டச் சொல்லுங்க அண்ணா, ஒவ்வொரு நாளும் சாவி குடுக்கச் சொல்லி. இல்லாட்டி நிண்டிரும்."

"ஓம், சொல்றன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். காலையில் எழும்பியதும் சாவி கொடுக்கிறது நான்தான்.